பழைய குண்டு டிவியிலும் டிஜிட்டல் கேபிள் பார்க்கலாம்

தண்டையார்பேட்டையில் அம்மா வீட்டில் இன்னும் பழைய குண்டு டிவிதான் ஓடுகிறது, அதுவும் டிஜிட்டல் கேபிளில். கேபிள் வயரை நேராக டிவியின் ஆன்டெனா ஓட்டையில் சொருகினால் படம் வராது, அந்த டிவிக்கு அனலாக் என்ற பழைய முறை சிக்னல் மட்டும்தான் புரியும். வயர் முதலில் செட்டாப் பாக்ஸுக்குப் போக வேண்டும், அங்கிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை உள்ள ஏவி வயர் டிவிக்கு. டிவியில் இரண்டே ஓட்டை என்றால் மஞ்சளும் வெள்ளையும் போதும். அப்புறம் டிவி ரிமோட்டில் ஏவிக்கு மாற்றுங்கள், இதை மறந்துவிட்டுத்தான் நிறைய பேர் பாக்ஸ் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள்.

ஆன்டெனா ஓட்டை மட்டுமே இருக்கிறதா? நடுவில், ஏவியை ஆன்டெனா சிக்னலாக மாற்றும் ஆர்எஃப் மாடுலேட்டர் என்ற சின்னப் பெட்டி வேண்டும், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். பாக்ஸில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வாங்குங்கள், ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவதும் பார்க்க அப்படியே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பாக்ஸ் செட்டிங்கில் வீடியோ முறையை பிஏஎல் (PAL) என்று வையுங்கள். ஆட்கள் ஒல்லியாக நீண்டு தெரிந்தால் அங்கேயே பட அளவை 4:3 ஆக்குங்கள்.

காசிமேடு, ராயபுரம் பக்கம் இருப்பவர்களே, கடல் காற்றில் வயர் முனைகள் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். ஸ்விட்சை அணைத்துவிட்டு அவ்வப்போது உலர்ந்த துணியால் துடையுங்கள்.