அம்பாசடர்ல பெட்ரோல் வாடை எங்கேர்ந்து வருதுன்னு நாமளே கண்டுபிடிக்கிறது எப்படி

எங்க அப்பா வண்டி 1978 மார்க் 3 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். போன வருஷம் அதுல பெட்ரோல் வாடை ஆரம்பிச்சுது. மெக்கானிக் கார்புரேட்டர (இன்ஜினுக்கு பெட்ரோலையும் காத்தயும் கலந்து குடுக்கற சாமான்) மூணு தடவ கழட்டி மாட்டினாரு, அதோட ரிப்பேர் கிட் மாத்தினாரு, பில்லு போட்டாரு, வாடை மட்டும் அப்படியே இருந்துச்சு. கடைசில பின்சீட்ல உக்காந்துட்டு வந்த அம்மாதான் சொன்னாங்க, "பங்க்ல ஃபுல் டேங்க் போட்டுட்டு வந்தா மட்டும்தான்டா நாறுது, மத்த நாள்ல இல்லயே". அவ்ளோதான், பாதி வேல முடிஞ்சுது. கோளாறு முன்னாடி இல்ல, டிக்கி பக்கம்.

அதனால ஸ்பேனர தொடுறதுக்கு முன்னாடி வாடை எப்ப வருதுன்னு ஒரு வாரம் கவனிங்க. இந்த ஒரு வேலய பண்ணாமதான் எல்லாரும் காச விடுறோம்.

ஸ்டெப் 0: உயிர் முக்கியம்

பெட்ரோல் ஆவி காத்த விட கனம், மேல பறந்து போகாது, தரையோட தரையா பரவி ஷெட்டு மூலையிலயும் குழிக்குள்ளயும் போய் தேங்கும். மைனஸ் 40 டிகிரி குளிர்லயே பத்திக்கிற அளவுக்கு ஆவி கிளப்புற சாமான் அது, நம்ம ஊரு வெயில்ல சொல்லவே வேணாம். அதனால மூடின ஷெட்டுக்குள்ள பாக்காதீங்க, ஸ்டார்ட் பண்ணாம நாலு பேர வச்சு தள்ளி வெட்டவெளிக்கு கொண்டு வாங்க. பானெட்டையும் டிக்கியையும் திறந்து கொஞ்ச நேரம் காத்து போக விட்டுட்டு அப்புறமா பேட்டரி நெகட்டிவ் கழட்டுங்க, ஏன்னா கழட்டறப்பவே ஒரு பொறி பறக்கலாம். எல்இடி டார்ச் மட்டும். ஒயர்ல தொங்கவிடுற குண்டு பல்பு வேணவே வேணாம், ஒரு சொட்டு பட்டு உடைஞ்சா முடிஞ்சுது. பக்கத்துல ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒண்ணு இருக்கட்டும், பக்கெட் தண்ணி பெட்ரோல் தீக்கு உதவாது, தீ தண்ணி மேல மிதந்து இன்னும் பரவும்.

ஸ்டெப் 1: எப்ப வாடை வருது?

ஃபுல் டேங்க் போட்ட அன்னிக்கு மட்டும், இல்லன்னா வளைவுல திரும்பறப்ப வந்தா டேங்கோட மேல்பக்கம்: மூடி, பெட்ரோல் ஊத்துற வாய் ஓஸ், பெட்ரோல் அளவு காட்டுற மீட்டர் யூனிட்ட டேங்க்ல மாட்டியிருக்கற இடத்து பேக்கிங். காலையில வண்டிகிட்ட போனதுமே வந்தா நிக்கும்போதே எங்கயோ கசியுது. ஓட்டறப்ப மட்டும் வந்தா பம்புக்கு அப்புறம் இருக்கற லைனும் கார்புரேட்டரும். வண்டிய நிறுத்தி அஞ்சு பத்து நிமிஷம் லேசா வந்துட்டு போயிடுச்சுன்னா பெரும்பாலும் இன்ஜின் சூட்டுல கார்புரேட்டர்ல தங்கின பெட்ரோல் ஆவியாகுது, பழைய வண்டில அந்த ஆவிய பிடிச்சு வைக்க ஏற்பாடே கிடையாது, அதுக்காக ரொம்ப பயப்பட வேணாம். ஆனா சொட்டுதான்னு ஒரு தடவ பாத்துடுங்க.

இன்னொண்ணு, வாடை சைலன்சர் பக்கம் கண்ணெரியற மாதிரி வந்து புகையும் கருப்பா இருந்தா அது லீக் இல்ல, பெட்ரோல் அதிகமா குடிக்குது. முதல்ல சோக் கேபிள் முழுசா உள்ள போகுதான்னு பாருங்க, டேஷ்போர்டு குமிழ் உள்ள போயிருக்கும் ஆனா கார்புரேட்டர்ல சோக் லீவர் பாதியிலயே நிக்கும்.

ஸ்டெப் 2: ராத்திரி அட்டை வைங்க

வண்டிக்கடில நல்ல அட்டைய வரிசையா போடுங்க, முன்னாடி, நடுவுல, பின்னாடின்னு பேனால எழுதிடுங்க. பெட்ரோல் காஞ்சு போயிடும், ஆனா கற விட்டுட்டு போகும். எதுவும் விழலன்னா லீக் இல்லன்னு அர்த்தம் இல்ல, சின்ன கசிவு கீழ வர்றதுக்குள்ளயே ஆவியாயிடும். அதுக்கு சாக்பீஸ்: சந்தேகப்படுற ஜாயிண்ட், டேங்க் விளிம்புத் தையல், ஓஸ் நுனி எல்லாத்தயும் நல்லா துடைச்சு காயவிட்டு சாக்பீஸ தேய்ச்சுடுங்க, எங்க ஈரமாகி நிறம் மாறுதோ அதான் இடம். பவுடர் தூவினாலும் சரி.

ஸ்டெப் 3: பின்னாடிலேர்ந்து முன்னாடி

எங்க வண்டில பெட்ரோல் ஊத்துற வாய்க்கும் டேங்குக்கும் நடுவுல இருக்கற ரப்பர் ஓஸ்தான் குற்றவாளி. மேல பாத்தா புதுசு மாதிரி பளபளன்னு இருந்துச்சு, அடிப்பக்கம் விரல விட்டு தடவினா நகம் உள்ள இறங்குது, வெளிய எடுத்து மடக்கினேன், காஞ்ச வாழைப்பட்ட மாதிரி வாய பொளந்துடுச்சு. ஃபுல் டேங்க் போட்டாதான் பெட்ரோல் அந்த உயரத்துக்கு ஏறும், அதான் அம்மா சொன்ன கணக்கு. டிக்கிக்குள்ள தேங்கின ஆவி பின்சீட்டுக்கு பின்னாடி இருக்கற இடைவெளில நேரா உள்ள வந்துருக்கு.

டேங்குலேர்ந்து முன்னாடி போற இரும்பு பைப்ப, கிளாம்பு கடிக்கிற இடத்துல துரு இருக்கான்னு பாருங்க. ரப்பர் துண்டுகள ஒவ்வொண்ணா அமுக்கிப் பாருங்க, கல்லு மாதிரி இறுகியிருந்தாலும் போச்சு, கொழகொழன்னு இருந்தாலும் போச்சு. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்த காலத்து ரப்பர் இதுக்காக செஞ்சது இல்ல. கடையில "பெட்ரோல் ஓஸ்"னு பொதுவா கேக்காம ஓஸ் மேல எஸ்ஏஇ ஜே30 ஆர்9னு அச்சடிச்சிருக்கான்னு பாத்து வாங்குங்க, பழைய துண்ட கையோட எடுத்துட்டு போனா அளவு தப்பாது.

ஸ்டெப் 4: பம்பு, கூடவே ஆயில் ஸ்டிக்

டேங்குலேர்ந்து பெட்ரோல இழுத்து கார்புரேட்டருக்கு அனுப்பற மெக்கானிக்கல் பம்புக்குள்ள டயாஃப்ரம்னு ஒரு மெல்லிசு தகடு மாதிரி சவ்வு இருக்கு. அது கிழிஞ்சா பெட்ரோல் வெளிய சொட்டலாம், இல்ல இன்ஜின் ஆயிலுக்குள்ள இறங்கலாம். ரெண்டாவதுதான் மோசம், ஏன்னா கீழ ஒரு சொட்டு கூட தெரியாது. ஆயில் ஸ்டிக்க உருவி மூக்குகிட்ட வைங்க, பெட்ரோல் வாடை அடிச்சாலோ ஆயில் லெவல் மேல ஏறியிருந்தாலோ ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, நீர்த்துப்போன ஆயில்ல ஓட்டினா பேரிங் போயிடும். பம்ப சரி பண்ணி, ஆயிலையும் ஃபில்டரையும் மாத்தின பிறகுதான் சாவிய தொடணும்.

ஸ்டெப் 5: கார்புரேட்டர் கடைசில

அம்பாசடர் பெட்ரோல் இன்ஜின்ல கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (இன்ஜின்லேர்ந்து புகை வெளிய வர்ற இரும்புக் குழாய்) ஒரே பக்கம். மேல சொட்டினா கீழ கொதிக்கிற இரும்பு. அதனால இங்க ஈரம் பாத்துட்டீங்கன்னா "ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாம்"ங்கிற பேச்சே வேணாம்.

சோலெக்ஸ் கம்பெனி கார்புரேட்டரோட உடம்புல பழுப்பா, வார்னிஷ் மாதிரி கற எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க. மேல்மூடி இணைப்புல ஆரம்பிச்சா பேக்கிங், இல்ல உள்ள வர்ற பெட்ரோல நிறுத்தற ஊசி சரியா மூடாம ஓவர்ஃப்ளோ. பக்கவாட்டுல இருக்கற ஆக்சிலரேட்டர் பம்பு மூடில ஆரம்பிச்சா அதோட டயாஃப்ரம். மேல்மூடிய கழட்டினா ஃப்ளோட்ட, அதாவது பெட்ரோல்ல மிதந்து அந்த ஊசிய மூடுற மிதவைய, காதுகிட்ட வச்சு ஆட்டுங்க, உள்ள தளக் தளக்னு சத்தம் கேட்டா ஓட்ட விழுந்து பெட்ரோல் புகுந்துருக்கு, அது மிதக்காது, ஊசியும் மூடாது. ஊசி நுனில ஒரு வளையம் மாதிரி தேய்மானம் தெரிஞ்சா ஊசியையும் அதோட சீட்டையும் சேத்தே மாத்திடுங்க. ஸ்க்ரூவ ஓவரா முறுக்காதீங்க, மூடி வளைஞ்சுடும், அப்புறம் எத்தன பேக்கிங் போட்டாலும் நிக்காது.

டேங்க் ஓட்டையா இருந்தா

லாரிக்காரங்க துணி சோப்ப அழுத்தி தேய்ச்சு அடைப்பாங்க, பெட்ரோல்ல சோப்பு கரையாது, வீடு வரைக்கும் தாங்கும், அவ்ளோதான். பட்டறைல "காலி டேங்க்தானே"ன்னு வெல்டிங் வைக்க விட்டுடாதீங்க. காலி டேங்க்தான் ஆபத்து, உள்ள முழுக்க ஆவி. டேங்க்க ஆவி இல்லாம முழுசா கழுவி வேல பாக்க தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க, இல்ல வேற டேங்க் தேடுங்க.

எல்லாம் மாட்டினதும் பேட்டரி குடுத்து ஸ்டார்ட் பண்ணி, ஐடில்ல விட்டு பத்து நிமிஷம் ஒவ்வொரு ஜாயிண்டையும் டார்ச் அடிச்சு பாருங்க, பக்கத்துல ஒருத்தர் தீயணைப்பானோட நிக்கட்டும். அப்புறம் ஃபுல் டேங்க் போட்டு ஒரு ரவுண்டு. நான் அன்னிக்கு அம்மாவ பின்சீட்ல உக்கார வச்சுதான் போனேன். மூக்க சுருக்கி சுருக்கி பாத்துட்டு, "இப்ப உன் சாக்ஸ்தான்டா நாறுது"ன்னாங்க.