பழைய குடும்பக் காருக்கு இன்னும் செலவு செய்யலாமா? முடிவெடுக்கும் முறை

எங்கள் வீட்டு மாருதி டிசையர் டீசல் கார் 2010 நவம்பரில் பதிவானது. மீட்டரில் 2,14,000 கிலோமீட்டர். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளிப் பெட்டிகள் போனதும், மாதா மாதம் மதுரை ஆஸ்பத்திரிக்கு அம்மா போனதும் அதில்தான். 2025 ஜூலையில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. மெக்கானிக் வண்டியை முழுசாகப் பார்த்துவிட்டு 46,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதினார். விற்றால் 1,10,000 போகும் என்றார்கள். “பாதி விலையைக் கொண்டுபோய் ரிப்பேரில் போடுவார்களா?” என்று மாமா கேட்டார்.

எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். ரிப்பேர் செலவைக் காரின் விலையோடு ஒப்பிடுவதால்தான் குழப்பமே. இந்தக் காரை அனுப்பிவிட்டால் அடுத்த கார் மாதம் எவ்வளவு கேட்கும்? அதோடுதான் ஒப்பிட வேண்டும். அந்தக் கணக்குக்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

படி 1: ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) தேதி

சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம். அப்புறம் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். டெல்லியில் பத்து வருட டீசல் வண்டிக்குத் தடை என்ற செய்தியைப் படித்துவிட்டு இங்கே பலர் அவசரமாக விற்கிறார்கள். அது டெல்லி சுற்றுவட்டாரத்துக்கான உத்தரவு, தமிழ்நாட்டுக்கு இல்லை. 2022 ஏப்ரல் முதல், 15 வருடம் தாண்டிய, 20 வருடத்துக்குள் இருக்கும் காரைப் புதுப்பிக்க மத்திய அரசுக் கட்டணமே 5,000 ரூபாய். பசுமை வரி தனி. தேதி முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடிக்கொண்டே போகும். ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்ட வேண்டும் என்பதால், விளக்கு, பிரேக், டயர் வேலைகளை அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

படி 2: இன்ஜினுக்கு முன் பாடி

புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லாரும் பானெட்டைத்தான் முதலில் திறக்கிறார்கள். நான் கீழே குனியச் சொல்வேன். இன்ஜினை இறக்கி வேலை பார்க்கலாம், வேறு இன்ஜின்கூட மாற்றலாம். துரு தின்ற தளத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை.

ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சின்னக் காந்தம் போதும். கால்மிதியைத் தூக்கி, அடியில் இருக்கும் கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் தளம் உள்ளிருந்து அரிக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியையும் பாருங்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதியை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். ‘டங்’ என்று கேட்டால் நல்லது. ‘பொத்’ என்று கேட்டாலோ பொடி உதிர்ந்தாலோ கவலைப்பட வேண்டியதுதான். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். கடைசியாக பானெட்டைத் திறந்து, முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பாடியோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே துரு ஆழமாக இறங்கியிருந்தால் நான் ஒரு ரூபாயும் போட மாட்டேன். தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் ஓடிய வண்டிக்கு இந்தப் படி ரொம்ப முக்கியம்.

படி 3: இன்ஜின் சொல்வதைக் கேட்பது

காலையில், வண்டி முழுக்க ஆறிக் கிடக்கும்போது பாருங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆயில் குச்சியை உருவினால், டீசல் வண்டியில் ஆயில் கருப்பாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்கிறது. இன்ஜின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட், போயிருக்கலாம்.

ஸ்டார்ட் செய்து சைலன்சரைக் கவனியுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகைக்கு ஏர் ஃபில்டரோ, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரோ காரணமாக இருக்கலாம், பல நேரம் சின்ன வேலையிலேயே சரியாகும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலண்டும் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) குறைந்துகொண்டே போனால், கூலண்ட் உள்ளே எரிகிறது.

அப்புறம், ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே துளைமேல் தலைகீழாக வையுங்கள். டீசலில் லேசாக ஆடுவது சகஜம். மூடியே எகிறி, புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். அந்தச் சின்னக் கூலி, பெரிய செலவு தேவையா இல்லையா என்று முன்கூட்டியே காட்டிவிடும்.

எங்கள் வண்டி இதில் தேறியது. அந்த 1.3 லிட்டர் இன்ஜின் ஸ்விஃப்ட், ரிட்ஸ், டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று பல கார்களில் வந்தது. மாருதி 2020-இல் அதை நிறுத்திவிட்டாலும் ஸ்பேருக்கு அலைய வேண்டியதில்லை. உங்கள் கார் குறைவாக விற்ற மாடல் என்றால், ஸ்பேர் கிடைக்குமா என்று இப்போதே விசாரித்துவிடுங்கள்.

படி 4: எஸ்டிமேட்டைப் பிரிப்பது

மொத்தத் தொகையாக வாங்காதீர்கள். ஸ்பேர் தனி, கூலி தனி என்று வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களுடையது இது: கிளட்ச் செட் 13,500, சஸ்பென்ஷன் (லோயர் ஆர்ம், லிங்க் ராடு, முன் ஷாக் அப்சார்பர்) 14,000, பிரேக் 4,500, ஏ.சி. கூலிங் காயில் 8,000, டிங்கரிங், பெயிண்டிங் 6,000. பிரேக்கும் சஸ்பென்ஷனும் உயிர் சம்பந்தப்பட்டவை, பேரம் கிடையாது. கிளட்ச் இல்லாமல் வண்டி நகராது. ஏ.சி.யை விட்டிருக்கலாம், ஆனால் வெயிலில் மதுரை போய் வர அம்மாவால் முடியாது. பெயிண்டை விட்டோம். ஆக, 40,000.

படி 5: மாதக் கணக்கு

பழைய காரின் 1,10,000-உடன் 4 லட்சம் கடன் வாங்கி, 5,10,000-க்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 12 சதவீத வட்டி, நான்கு வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 10,500. தவணை முழுவதும் நஷ்டமில்லை, கடைசியில் கையில் ஒரு கார் இருக்கும். ஆகவே வட்டி 1,05,000, விலை பாதியாகக் குறைவதால் 2,55,000, இரண்டையும் கூட்டி 48-ஆல் வகுத்தால் மாதம் 7,500. பழைய காருக்குக் கூடுதலாக ஆகும் சில்லறை வேலை 2,000, அதன் விலை இறங்குவது 1,000 என்று வைத்தால், வித்தியாசம் மாதம் 4,500. நாங்கள் போடும் 40,000 ஒன்பது மாதத்தில் ஈடாகிவிடும். அதற்குள் இன்னொரு பெரிய செலவு வருமா என்பதற்குத்தான் படி 2-உம் 3-உம். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஈடாக இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும் என்று வந்தால் நான் விற்றுவிடுவேன்.

இந்தக் கணக்கில் வராத ஒன்று பாதுகாப்பு. எங்கள் வண்டியில் ஏர்பேக் இல்லை, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லை. இந்தியாவில் விற்கும் புது கார்களில் இரண்டும் கட்டாயமானது 2019-இல்தான். எந்த ஒர்க்‌ஷாப்பும் அவற்றைப் பழைய காரில் பொருத்தித் தர முடியாது. குழந்தைகளோடு அடிக்கடி இரவில் நெடுஞ்சாலையில் போகும் குடும்பம் என்றால், கணக்கு ரிப்பேருக்குச் சாதகமாக வந்தாலும் நான் மாற்றத்தான் சொல்வேன். எங்கள் வீட்டில் இப்போது இரவுப் பயணத்துக்கு பஸ்தான்.

வேலை முடிந்து வண்டி வந்த அன்று, டேஷ்போர்டில் இருக்கும் நோட்டில் அப்பா எழுதினார்: “அடுத்த ஆகஸ்டுக்குள் 30,000-க்கு மேல் இன்னொரு செலவு வந்தால் விற்றுவிட வேண்டும்.” கீழே தேதி போட்டு, மாமாவிடமும் கையெழுத்து வாங்கினார்.