பி.வி.டி. வைரஸ்: தொற்றைச் சுமக்கும் மாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

சினை ஊசி போட்டும் மாடு திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருகிறது, சினை கலைகிறது, கன்றுகள் கழிச்சலிலும் சளியிலும் மாறி மாறிப் படுக்கின்றன. சினை கலையச் செய்யும் புரூசெல்லா பாக்டீரியாவுக்கான சோதனையிலும் ஒன்றும் இல்லை என்றால், அடுத்து பி.வி.டி. (Bovine Viral Diarrhoea, மாடுகளின் வைரஸ் கழிச்சல் நோய்) வைரஸைச் சந்தேகிக்கலாம். மனிதருக்கு இது தொற்றாது.

தாய் சினையாகி முதல் நான்கு மாதங்களுக்குள் இந்த வைரஸ் ஏறினால், வயிற்றுக் கன்றின் உடல் அதை எதிரியாகவே அடையாளம் காணாது. அப்படிப் பிறக்கும் கன்று சாகும்வரை சளியிலும் சாணத்திலும் பாலிலும் வைரஸைக் கொட்டும். பார்க்கக் கொழுகொழுவென்றுகூட இருக்கும். இதுதான் நிரந்தரத் தொற்றுள்ள மாடு. நாம் தேடுவது இதைத்தான்.

ஆகவே ஆன்டிபாடி (வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) சோதனை மட்டும் போதாது. தொற்று வந்து குணமான நல்ல மாடு அதில் பாசிட்டிவ் காட்டும். நிரந்தரத் தொற்றுள்ள மாடோ பெரும்பாலும் நெகட்டிவ்! ஆய்வகத்தில், வைரஸையே நேரடியாகத் தேடும் சோதனைகளான ஆன்டிஜென் எலிசா அல்லது பி.சி.ஆர். என்று கேளுங்கள்.

படி 1: முதலில் கன்றுகள். நிரந்தரத் தொற்றுள்ள பசு ஈனும் கன்றுக்கும் அதே தொற்று இருக்கும். எனவே கன்று நெகட்டிவ் என்றால் தாய்க்குத் தனிச் சோதனை வேண்டாம். அந்தச் செலவு மிச்சம். கன்று பாசிட்டிவ் என்றால் தாய்க்கும் பாருங்கள். பிறகு கிடேரிகள், காளைகள், கன்று உடன் இல்லாத பசுக்கள்.

படி 2: மருத்துவரை வைத்துக் காது ஓரத்தில் சிறு துண்டு எடுங்கள். சீம்பால் குடித்த இளங்கன்றின் ரத்தத்தில் தாயின் ஆன்டிபாடி ஆன்டிஜென் எலிசாவைக் குழப்பும். காதுத் திசுவில் அந்தத் தொல்லை குறைவு. ஒவ்வொரு மாட்டுக்கும் கருவியைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யாவிட்டால் ஒன்றின் வைரஸ் அடுத்ததின் மாதிரியில் ஒட்டும். குப்பியில் காது வில்லையின் 12 இலக்க எண்ணை எழுதி, பனிக்கட்டிப் பெட்டியில் அனுப்புங்கள்.

படி 3: பாசிட்டிவ் வந்ததை உடனே தனியாகக் கட்டுங்கள், முக்கியமாகச் சினைமாடுகளிடமிருந்து. மூன்று, நான்கு வாரம் கழித்து மறுசோதனை. அப்போதும் பாசிட்டிவ் என்றால் நிரந்தரத் தொற்று, மருந்து கிடையாது. சந்தைக்கு ஓட்டினால் நோய் அடுத்தவர் பண்ணைக்குத்தான் போகும்.

படி 4: பலர் விடுவது இங்கேதான். நெகட்டிவ் வந்த சினைப்பசுவின் வயிற்றிலும் தொற்றுள்ள கன்று இருக்கலாம். அடுத்த ஒரு வருடம் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் காதுச் சோதனை செய்யுங்கள். அயர்லாந்தில் 2013 முதல் பிறக்கும் கன்று எல்லாவற்றுக்கும் இது கட்டாயம். சினையோடு வாங்கிவந்த மாட்டின் கன்றையும் விட்டுவிடாதீர்கள்.