படிகத்தில் ஒளியைச் சேமிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரசியோடிமியம் கலந்த இட்ரியம் ஆர்த்தோசிலிகேட் படிகம், பார்வைக்குச் சில மில்லிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் துண்டு போலவே இருக்கும். அதை மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்து, 606 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஆரஞ்சு நிற லேசர் துடிப்பைச் செலுத்தினால், துடிப்பின் பெரும்பகுதி மறுபக்கம் வராமல் உள்ளேயே நின்றுவிடுகிறது. அதைக் கண்டதும் ஒளி சேமிக்கப்பட்டுவிட்டது என்று முடிவு செய்வதே மிகப் பரவலான தவறு. கறுப்புத் துணியும் ஒளியை உறிஞ்சத்தான் செய்கிறது. உள்ளே சென்றதில் எத்தனை பங்கு, தன் குவாண்டம் நிலை (அது சுமந்து வரும் நுண்ணிய தகவல்) கெடாமல், வேண்டிய நேரத்தில் திரும்பி வருகிறது என்பதே சேமிப்புத் திறன்.

இதிலிருந்தே இரண்டாவது தவறு பிறக்கிறது: படிகத்தில் ஒளியை உறிஞ்சும் பிரசியோடிமியம் அயனிகளை (மின்னூட்டம் பெற்ற அணுக்களை) கூட்டினால் திறனும் கூடும் என்ற நம்பிக்கை. அயனிகள் ஒளியை உறிஞ்சும் அதிர்வெண்களைச் சீப்பின் பற்கள் போலச் சம இடைவெளியில் லேசரால் செதுக்கி அமைக்கும் முறையில், ஒளி வந்த திசையிலேயே வெளியேறும்போது, முன்னால் உள்ள அயனிகள் அதை மீண்டும் விழுங்கிவிடுகின்றன. மற்ற எல்லாம் குறையின்றி அமைந்தாலும் திறன் 54 விழுக்காட்டைத் தாண்டாது, அதற்குமேல் அயனிகளைச் சேர்த்தால் குறையவே செய்யும். ஒளியைப் பின்திசையில் மீட்பதோ, படிகத்தை ஆடிகளுக்கு இடையே வைப்பதோதான் இதற்கு வழி. கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகக் குழுவினர் 2010இல் சீப்பு முறையையே விட்டுவிட்டு, படிகத்தின் நீளவாக்கில் மாறும் மின்புலத்தைத் தலைகீழாக்கி 69 விழுக்காட்டை எட்டினார்கள். 50 விழுக்காட்டைக் கடந்ததுதான் அதன் சிறப்பு. அதற்குக் கீழே, காப்பாற்றியதைவிட இழந்ததே அதிகம்.

லேசர் அதிர்வெண்ணின் நிலைத்தன்மையை அலட்சியப்படுத்துவதும் பெருந்தவறு. சீப்பு முறையில் சேமிப்பு நேரம் பற்களின் இடைவெளிக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைவதால், ஒரு மைக்ரோ வினாடி சேமிக்கச் சீப்பின் பற்களுக்கு இடையே ஒரு மெகாஹெர்ட்ஸ் இடைவெளி வேண்டும். பற்களைச் செதுக்கும்போது லேசரின் அதிர்வெண் 50 கோடியில் ஒரு பங்கு நகர்ந்தாலே, ஒரு பல் அடுத்த பல்லின் இடத்தில் போய் விழும்.

நீண்ட நேரத்தைத் திறன் என்று எண்ணுவதையும் தவிர்க்க வேண்டும். யூரோப்பியம் கலந்த படிகத்தில் 2015இல் அளக்கப்பட்ட ஆறு மணி நேரம், அணுக்கருத் தற்சுழற்சியின் ஒத்திசைவு (அதன் குவாண்டம் நிலை குலையாமல் இருப்பது) நீடித்த காலம். அந்தச் சோதனையில் ஒளி சேமிக்கப்படவில்லை. சீனாவின் ஹெஃபெய் குழுவினர் 2021இல் ஒளியையே ஒரு மணி நேரம் வைத்திருந்தது பெருஞ்சாதனைதான், ஆயினும் அது ஒற்றை ஃபோட்டான் (ஒளியின் தனித் துகள்) அன்று, வலுவான லேசர் துடிப்பு. ஒற்றை ஃபோட்டானைச் சேமிக்கும்போது, சேமிக்கவும் மீட்கவும் செலுத்தும் வலுவான கட்டுப்பாட்டு லேசர் துடிப்பிலிருந்து ஒரே ஒரு ஃபோட்டான் சிதறிக் கண்டுணர் கருவியில் விழுந்தாலும், எது சேமித்தது, எது இரைச்சல் என்று பிரித்தறிய முடியாது.