எழுத்தை விழுங்கிய இன்சர்ட் விசை

வேர்டில் பழைய கட்டுரை ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்தால் அதற்கு அடுத்திருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தமிழ் விசைப்பலகை மென்பொருளைத்தான் முதலில் சந்தேகித்தேன். நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன், பலனில்லை. கீபோர்டையே மாற்றியும் பார்த்தேன். இப்படியே மூன்று நாள் போனது.

குழப்பியது என்னவென்றால், புதிய கோப்பில் எல்லாம் சரியாக இருந்தது. பத்தியின் கடைசியில் தட்டினாலும் கோளாறு இல்லை. அங்கே விழுங்க எழுத்தே இல்லையே! நடுவில் தட்டினால்தான் தெரியும்.

அப்புறம் கீழே உள்ள ஸ்டேட்டஸ் பாரில் ரைட் கிளிக் செய்து 'ஓவர்டைப்' (தட்டும் எழுத்து அடுத்திருக்கும் எழுத்தை அழித்து அதன் இடத்தில் விழும் முறை) என்பதை டிக் செய்தேன்; அது ஆனா ஆஃபா என்று அந்தப் பாரிலேயே காட்டும். குட்டு வெளிப்பட்டது: ஓவர்டைப் ஆனில் இருந்தது. டெலீட்டைத் தேடும் விரல் அதற்கு நேர் மேலே இருக்கும் இன்சர்ட்டில் பட்டிருக்கிறது; இந்த முறையை ஆன், ஆஃப் செய்வது அந்த விசைதான்.

இன்சர்ட்டை மீண்டும் அழுத்தினால் போதும்தான். ஆனால் நாளைக்கே திரும்ப வரும். அதனால் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், 'யூஸ் த இன்சர்ட் கீ டு கன்ட்ரோல் ஓவர்டைப் மோட்' என்ற வரியிலும் அதன் கீழே 'யூஸ் ஓவர்டைப் மோட்' என்பதிலும் டிக்கை எடுத்தேன். இப்போது இன்சர்ட்டை எத்தனை முறை தட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. அப்பாடா!