அறிவியல் வரலாற்று பாட்காஸ்ட் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுக் கல்லூரிப் பையன் இயர்போனைக் கழற்றிவிட்டு, "அண்ணா, சிங்கோனா கதை தெரியுமா?" என்று ஆரம்பித்தான். பைக்காரா வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டான். ஏழு வருஷத்துக்கு முன் நான் ஊரெல்லாம் சொன்ன அதே கதை, அதே தப்பு.

கதை நன்றாக இருந்தால் நம்பிவிடுவது

1630-களில் பெரு நாட்டு வைஸ்ராயின் மனைவி, சின்சோன் சீமாட்டி, மலேரியாவில் சாகக் கிடந்தாராம். சிங்கோனா என்கிற மரத்தின் பட்டை அவரைப் பிழைக்க வைத்ததாம். அதை ஸ்பெயினுக்குக் கொண்டுபோய் ஏழைகளுக்குக் கொடுத்தாராம். தாவரவியலாளர் லின்னேயஸ் 1742-ல் மரத்துக்கு அவர் பெயரை வைத்தது மட்டும் உண்மை. நீலகிரிக்கு சிங்கோனா வரக் காரணமாக இருந்த கிளெமென்ட்ஸ் மார்க்கமே இந்தக் கதையை நம்பியவர்தான்.

ஆனால் பெருவின் தலைநகர் லிமாவில் அந்தக் காலத்தில் எழுதிய நாட்குறிப்பு ஒன்று இருக்கிறது. வைஸ்ராய்க்குக் காய்ச்சல் வந்தது அதில் உண்டு, சீமாட்டிக்கு மலேரியா வந்ததாக இல்லை. அவர் ஸ்பெயின் போய்ச் சேரவும் இல்லை; 1641-ல் வழியிலேயே, இன்றைய கொலம்பியாவில் உள்ள கார்டஹேனாவில் இறந்துவிட்டார். ஹாகிஸ் என்பவர் 1941-லேயே இதையெல்லாம் எழுதிவிட்டார். இன்னமும் அதே கதையை வயலின் இசையோடு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் கோபம் வருமா, வராதா?

நான் அப்படி ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் நடுவட்டத்தில் நாற்பது பள்ளிப் பிள்ளைகளை சிங்கோனா மரத்தடியில் நிற்க வைத்துச் சொன்னேன். ஒரு சின்னப் பெண் பட்டையை நகத்தால் கிள்ளி நாக்கில் வைத்து, கசப்பில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அடுத்த மாதம் அவர்கள் வகுப்புச் சுவரில் சீமாட்டியின் படம். விஷயம் தெரிந்து நான் திரும்பிப் போனபோது அந்த வகுப்பு பள்ளியை விட்டே போயிருந்தது. யாரைத் தேடிப்போய்த் திருத்துவது? இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால் எபிசோடைக் கேட்கும் முன் அதன் குறிப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்த ஆவணம், எந்தப் புத்தகம் என்று இருக்க வேண்டும். பிபிசி ரேடியோ 4-ல் 1998-ல் தொடங்கிய 'இன் அவர் டைம்' நிகழ்ச்சியில் பொதுவாக மூன்று ஆய்வாளர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலும் தருவார்கள். பஸ் பையன் தான் கேட்ட எபிசோடின் பக்கத்தைத் திறந்து காட்டினான். விளம்பரக் கூப்பன் மட்டும் இருந்தது.

தோற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கும் நிகழ்ச்சிகள்

1903-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் பிளான்லோ 'N-கதிர்' என்று ஒரு புதுக் கதிரைக் கண்டதாக அறிவித்தார். மறு வருஷம் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், பிளான்லோவின் ஆய்வகத்தின் இருட்டில், கதிரைப் பிரித்துக் காட்டும் பட்டகத்தை (prism) சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். அது இல்லாதபோதும் பிளான்லோவுக்கு அங்கே கதிர் 'தெரிந்தது'. இதோடு சிரித்து முடிக்கும் நிகழ்ச்சி வேண்டாம். நேர்மையான ஒரு மனிதருக்கு இல்லாதது ஏன் தெரிந்தது என்று கேட்கிற நிகழ்ச்சியைத் தேடுங்கள்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பது

பெயரும் வருஷமும்தான் முதலில் தவறும்.

வழியில் செல்போன் டவரை நம்புவது

ஊட்டியிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.