12 வோல்ட்டிலிருந்து 24 வோல்ட்டுக்கு: சோலார் கொன்ட்ரோலரை மாற்றி அமைப்பது எப்படி?

பனலுக்கும் பற்றரிக்கும் நடுவில் இருந்து சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் கொன்ட்ரோலர். 15 அம்பியர் கொன்ட்ரோலர் ஒன்று 12 வோல்ட் பற்றரியில் 220 வாட் பனல் வரைக்கும்தான் முழுப் பயன் தரும். அதே கொன்ட்ரோலரை 24 வோல்ட்டில் ஓட்டினால் 440 வாட் வரை எடுக்கலாம். நிலாவெளியில் எங்கள் வளவில் பனலைக் கூட்ட நினைத்தபோது, புதுக் கொன்ட்ரோலர் வாங்காமல் இந்த வழிக்குத்தான் போனேன். அதே வாட்டுக்குப் பற்றரி வயரில் ஓடும் கரண்டும் பாதியாகிவிடும்.

முதலில் கொன்ட்ரோலரின் லேபலைப் பாருங்கள். 12/24 என்று இருக்க வேண்டும். பனல் பக்கம் எத்தனை வோல்ட் தாங்கும் என்றும் பாருங்கள். 36 செல் பனல் ஒன்று வேலை செய்யும்போது 18 வோல்ட் அளவில்தான் தரும். அது தனியே 24 வோல்ட் பற்றரியை ஏற்றாது. இரண்டைத் தொடராக இணைத்தால் கரண்ட் எடுக்காதபோது 44 வோல்ட் வரை வரும். 75 வோல்ட் தாங்கும் கொன்ட்ரோலருக்கு அது பிரச்சினையில்லை.

கழற்றும் வேலையைப் பொழுதுபட்ட பிறகு செய்யுங்கள். முதலில் பனல், அடுத்து லோட் (பல்ப் போன்ற சாதனங்கள்), கடைசியாகப் பற்றரி. பனல் வெயிலில் இருக்கப் பற்றரியைக் கழற்றினால் கொன்ட்ரோலர் பழுதாகலாம்.

24 வோல்ட்டுக்கு 12 வோல்ட் லெட் அசிட் பற்றரிகள் இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும். இரண்டும் ஒரே வகை, ஒரே வயது. பழையதோடு புதியதைத் தொடராகப் போடவே வேண்டாம். தனித்தனியே முழுக்கச் சார்ஜ் ஏற்றி, ஆறவிட்டு மல்ரிமீற்றரில் பாருங்கள். இரண்டும் 12.7 வோல்ட்டை ஒட்டி இருந்தால் இணைக்கலாம். பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள். வயர் முனையை முறுக்கிச் செருகுவதை நான் விரும்புவதில்லை. லக் (வயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோக முனை) அடித்து, மேலே வாசலின் பூசிவிடுவேன். கடற்காற்றுக்குப் பச்சை பிடிப்பது அப்படித்தான் குறைகிறது.

இப்போது பற்றரியை மட்டும் கொன்ட்ரோலரில் கொடுங்கள். பனல் இன்னும் வேண்டாம்.

அதிக நேரம் போனது இந்த இடத்தில்தான். 'தானாகவே கண்டுபிடிக்கும்' என்று பெட்டியில் போட்டிருந்தாலும் எல்லாக் கொன்ட்ரோலரும் ஒவ்வொரு முறையும் கண்டுபிடிப்பதில்லை. விக்ரோன் ஸ்மார்ட்சோலார் வகை முதன்முதலில் பற்றரி கொடுக்கும்போது மட்டும் பார்த்து, அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு 24 வோல்ட் கொடுத்தாலும் அதற்கு அது 12 வோல்ட் சிஸ்டம்தான். நல்ல வெயில் அடிக்கும், பனல் பக்கம் 40 வோல்ட்டுக்கு மேல் காட்டும், சார்ஜ் கரண்ட் மட்டும் 0. பற்றரியில் 25 வோல்ட்டைப் பார்த்ததும் அளவு மீறிவிட்டதாக எண்ணி நிறுத்திவிடுகிறது. பனலையும் வயரையும் தேடிப் பயனில்லை. போனில் விக்ரோன் கனெக்ட் அப்பைத் திறந்து, செற்றிங்ஸில் பற்றரி வோல்ட்டேஜை 24 என்று கையால் மாற்றுங்கள். அப்புறம் சார்ஜ் அளவுகளைப் பாருங்கள்: ஏற்றும் அளவு 14.4, நிரம்பிய பிறகு பிடித்துவைக்கும் புளோட் அளவு 13.8 என்று இருந்தவை 28.8, 27.6 ஆகியிருக்க வேண்டும். பற்றரியின் விபரத்தாளோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

மறுபக்கம் இதைவிட ஆபத்து. 24 என்று வைத்த கொன்ட்ரோலரில் 12 வோல்ட் பற்றரியைக் கொடுத்தால் 28.8 வோல்ட்டை நோக்கி ஏற்றிக்கொண்டே போகும். பற்றரி கொதித்து வாயு கக்கும். கையால் வைக்கும் வசதியுள்ள கொன்ட்ரோலரையே நான் வாங்கச் சொல்வேன். ஆனால் பற்றரியை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைப் பாருங்கள்.

எல்லாம் சரி என்றால் காலையில் பனலைக் கொடுங்கள்.

லோட் முனையை மறந்துவிடாதீர்கள். அதில் இனி வருவது 24 வோல்ட். பழைய 12 வோல்ட் பல்ப், மின்விசிறி எதையும் நேரே கொடுத்தால் எரிந்துபோகும். நடுவில் 24-12 கொன்வேட்டர் ஒன்று தேவை.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு கிண்ணியாவிலிருந்து ஒருவர் லித்தியம் பற்றரிக்கும் இதேதானா என்று கேட்டார். இணைக்கும் ஒழுங்கு அதே, அளவுகள் வேறு. 8 செல் லித்தியம் அயன் பொஸ்பேற் என்றால் ஏற்றும் அளவு 28.4, புளோட் 27. ஈக்குவலைஸ் (இடைக்கிடை வோல்ட்டைக் கூட்டி ஏற்றும் முறை) நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், வெப்பநிலைத் திருத்தம் 0. மீற்றரில் பற்றரி 0 வோல்ட் காட்டினால் பழுதென்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். உள்ளேயிருக்கும் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணிக்கும் சுற்று) பாதுகாப்புக்காகத் துண்டித்திருக்கலாம். லித்தியம் சார்ஜர் ஒன்றால் அதை எழுப்பிய பிறகு கொன்ட்ரோலரில் கொடுங்கள்.